சக்கர நாற்காலியோடு கண்மாய்க் கரைக்கு

என் ஐயாவுக்கு வயது எழுபத்தெட்டு. நாற்பது வருடம் எங்கள் ஊர்க் கண்மாயில், வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடையைத் திறந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துபோயின. காரைக்குடியில் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தடி ஊன்றி வீட்டுக்குள் பத்துப் பதினைந்து எட்டு வைப்பார். வாசலைத் தாண்டினால் சக்கர நாற்காலிதான். முதல் எட்டு மாதம் அவர் வெளியே போனார் என்றால் அது டாக்டரிடம் போனது மட்டும்தான். ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. படுத்திருந்தபடியே, "ஏத்தா, இங்கிட்டு இருக்க கம்மாய்க்குத் தண்ணி வந்துருக்குமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நான் கரைக்குப் போகும் வழியைத் தேட ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு ஊரின் ஓரத்தில், வீட்டுமனைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கண்மாய். கரைமேல் பாதி தூரம் தார் ரோடு, மீதி கிராவல். செட்டிநாட்டில் எந்த ஊர் ஓரத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கண்மாயோ ஊருணியோ இருக்கும். கண்மாய்க் கரை பெரும்பாலும் மட்டமாக ஓடும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், இரண்டுமே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் தெரியும். முட்டிவலிக்காரர்கள், தடி ஊன்றுபவர்கள், தள்ளுவண்டியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இதைவிட நல்ல நடைபாதை எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இல்லை. நாங்கள் இரண்டு வருடம் போய் வந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஆள் இல்லாமல் போய்ப் பாருங்கள். புதுப் பாதையைப் பார்க்கும்போதே ஆளையும் உட்காரவைத்துக் கூட்டிப் போகக் கூடாது. நான் அப்படித்தான் போனேன். தார் ரோடு முடிந்து கிராவல் ஆரம்பித்த இடத்தில் முன்பக்கச் சின்னச் சக்கரம் சரளைக்குள் புதைந்தது. நாற்காலி சட்டென்று நின்றது, ஐயா நிற்கவில்லை, முன்னால் சரிந்துவிட்டார். சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துவிட்டேன். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் வீடு வரும்வரை அவருடைய வலது கை நாற்காலியின் பிடியை விடவே இல்லை. அன்றைக்கு இடுப்புப் பட்டை போட்டிருக்கவில்லை. அதுவும் என் தப்புதான்.

மறுநாள் வெறும் நாற்காலியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வெறும் நாற்காலி எங்கும் ஓடும், அதை வைத்துப் பாதையின் குணம் தெரியாது. 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை உட்காருகிற இடத்தில் கட்டிவைத்து உருட்டினேன். எங்கே சக்கரம் இழுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று உடனே தெரிந்துவிட்டது. எதிரே வந்தவர்கள் அரிசியை ஏன் நாற்காலியில் கொண்டு போகிறேன் என்று கேட்டார்கள். சொன்னதும் ஒருவர் நின்று, கரையில் எந்தெந்த இடத்தில் மழைத் தண்ணீர் அறுத்துப் பள்ளம் போட்டிருக்கிறது என்று கூடவே வந்து காட்டினார்.

அப்படிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அகலம், ஏற்றம், பக்கச் சரிவு. சாதாரண நாற்காலி இரண்டு அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம் இருக்கும். பாதை குறுகிப்போகிற இடத்திலும் மூன்று அடியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்த வழி வேண்டாம்.

ஏற்றம்தான் பெரிய விஷயம். கரை உயரமாக இருப்பதால் தெருவிலிருந்து மேலே ஏறியாக வேண்டும். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதைக் கண்ணால் மட்டிட முடியாது. பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன் சுலபமான வழி ஒன்று சொல்லிக்கொடுத்தார். நாலு அடி நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டையை ஏற்றத்தின் மேல் நீளவாக்கில் வையுங்கள். மேட்டுப் பக்கத்து முனை தரையில் பட்டிருக்கட்டும், பள்ளத்துப் பக்கத்து முனையைத் தூக்கி, ரீப்பர் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வரும்வரை பிடியுங்கள். இப்போது தூக்கிய முனைக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்துப் பாருங்கள். நாலு அங்குலமோ அதற்குள்ளோ இருந்தால் ஒரு ஆளே தள்ளிவிடலாம். எங்கள் தெருமுனை ஏற்றத்தில் ஏழு அங்குலம் வந்தது. கரையின் அடுத்த முனையில், லாரி ஏறுவதற்காகப் போட்ட பாதையில் மூன்றரைதான். அதனால் 200 மீட்டர் சுற்றிக்கொண்டு அந்த வழியாகவே ஏறுகிறோம்.

பக்கச் சரிவைப் பலர் கவனிப்பதில்லை. மழைநீர் வடிவதற்காக ரோடு ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். தள்ளுகிறவர் சும்மா விட்டால் நாற்காலி தானாகவே அந்தப் பக்கம் ஒதுங்கும். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருக்கிற இடங்களை மனதில் குறித்துக்கொண்டு, அங்கே ரோட்டின் நடுவிலேயே போங்கள்.

தரையைப் பொறுத்தவரை, செம்மண் கிராவல் புதிதாகக் கொட்டியிருக்கும்போது மோசம், கல் சக்கரத்துக்கு அடியில் உருளும். இரண்டு மழை பெய்து வண்டிகள் ஓடி இறுகிவிட்டால் அருமையான தரை. மழை விட்டு இரண்டு நாளில் காய்ந்தும்விடும். கண்மாய்க்குள் இருந்து அள்ளிப்போட்ட கரம்பை மண் அப்படி இல்லை. லேசான ஈரம் இருந்தாலே சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். கறுப்பாகத் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம் முள். சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய் இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஆடு மேய்ப்பவர்கள் இழுத்துப்போட்ட ஒரு கிளை போதும். எங்கள் நாற்காலியின் பெரிய சக்கரம் காற்றடிக்கிற ரகம். முதல் மாதத்திலேயே மூன்று பஞ்சர். சைக்கிள் கடையில் ஒட்டித் தருவார்கள். ஆனால் கரையின் நடுவில் காற்றுப் போனால் ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கெட்டி ரப்பர் சக்கரத்துக்கு மாற்றிவிட்டோம். அதில் பஞ்சர் கிடையாது, ஆனால் கிராவலில் கொஞ்சம் கூடுதலாக அதிரும். அதற்காக உட்காருகிற இடத்தில் தடித்த மெத்தை, முதுகுக்குப் பின்னால் நாலாக மடித்த போர்வை.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும், ஆனால் கரை ஈரமாக இருக்கும். மார்கழி பாதியிலிருந்து மாசி வரைக்கும்தான் எங்களுக்கு நல்ல காலம். தண்ணீர் நிற்கும், பறவை இருக்கும், வெயில் சுடாது. மார்கழி, தையில் ஆறரை மணியை ஒட்டித்தான் சூரியன் தலைகாட்டும். நாங்கள் ஏழு மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்குத் திரும்பிவிடுவோம். பனி அதிகமாக இருந்தால் ஐயாவுக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டாமல் கிளம்புவதில்லை. சாயங்காலம் போவதானால் நாலரைக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் வந்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் கரையோரப் புல்லில் பாம்பு நடமாட்டம் இருக்கும், தெரு விளக்கும் இருக்காது.

கிளம்பும் முன்னால் பாத்ரூம் போய்வர வைப்பது அவசியம். கரையில் அதற்கு இடம் இல்லை. ஐயா கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே வருவார். அது கூடாது என்று ஒரு யூரின் பாட்டிலையும் பெரிய துண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதை எடுக்க வேண்டி வந்ததே இல்லை, ஆனால் பையில் இருப்பது தெரிந்தபிறகு நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கிறார். குடிநீர், இரண்டு பிஸ்கட், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் என்றால் ஒரு மிட்டாயும், போன். தளர்ந்த காலுக்குப் பின்பட்டை உள்ள செருப்பாகப் போடுங்கள். சாதாரண செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது, வெறும் கால் சக்கரத்துக்குள் போய்விடும்.

தள்ளுவதில் நான்கைந்து விஷயம் பழகிக்கொண்டால் போதும். பின்னால், கைப்பிடிக்கு நேர் கீழே, தரையை ஒட்டி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காலால் மிதித்துக் கைப்பிடியைத் தாழ்த்தினால் முன்சக்கரம் மேலே எழும்பும். கிராவல் சின்னதாகக் குறுக்கிட்டால் அப்படித் தூக்கியபடியே பெரிய சக்கரத்தில் கடந்துவிடலாம். நீளமான கிராவல் என்றால் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள், தள்ளுவதைவிட இழுப்பது லேசு. கரையிலிருந்து இறங்கும்போதும் நாற்காலியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நீங்கள் பள்ளத்துப் பக்கம் முதுகு காட்டி முதலில் இறங்க, ஆள் மேட்டைப் பார்த்தபடி உங்கள் மேல் சாய்ந்து வருவார். நேராக இறக்கினால் கை நழுவிய நொடியில் ஓடிவிடும். ஒரு நிமிடம் நிற்பதானாலும் இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் போடுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் வாயால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். "ஐயா, சாய்க்கிறேன்", "ஐயா, திருப்புறேன்". பின்னால் இருப்பவர் என்ன செய்யப்போகிறார் என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. சொல்லாமல் சாய்த்தால் விழுவதுபோலத்தான் இருக்கும். ஆட்டுக்கிடையோ வண்டியோ வந்தால் வயல் பக்கமாக ஒதுங்கி நின்று அது போகட்டும் என்று விடுங்கள்.

தூரத்தைத் திரும்பி வருவதையும் சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள். ஏற்றம் ஏறிக் கரைக்கு வந்த இடத்திலிருந்து எங்களுக்கு மடை 350 மீட்டர். அதற்கு அப்பால் 250 மீட்டரில் அரசமரமும் பிள்ளையார் மேடையும். முதல் மாதம் மடை வரைக்கும்தான். இரண்டாவது மாதம் அரசமரம். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு இன்னும் தள்ளி இருக்கிறது, அங்கே படிக்கட்டும் பாசியும். சக்கரத்துக்கு அது இடமில்லை. ஐயாவுக்குக் கலுங்கைப் பார்க்க ஆசை என்பதால் மழைநாளில் நான் மட்டும் போய்ப் போனில் எடுத்துவந்து காட்டுவேன். எத்தனை கல் முழுகியிருக்கிறது என்று எண்ணிச் சொல்லுவார். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அடுத்த கண்மாய்க்கு எப்போது மறுகால் பாயும் என்பதெல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

மடைக்குப் போய்ச் சேர்ந்ததும் நாற்காலியைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, கரை விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளியே நிறுத்தி, பிரேக் போட்டு, நானும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவேன். நின்றபடி பேசினால் அவர் அண்ணாந்தே பார்க்க வேண்டும். அங்கே அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். வந்ததும் திரும்புவதாக இருந்தால் இத்தனை பாடு எதற்கு?

மடை என்றால் இரண்டு கல் தூண், நடுவே குறுக்குக் கல். இப்போது திருகு வைத்த இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். ஐயா காலத்தில் ஊர்க் கண்மாயில் அது கிடையாது. தண்ணீருக்குள் முங்கி, அடியில் தண்ணீர் போகிற துளையை அடைத்திருக்கிற கட்டையைக் கையால் தடவிக் கண்டுபிடித்து இழுத்துத் திறக்க வேண்டும். திறந்ததும் தண்ணீர் உள்ளே இழுக்கும். அதற்குள் விலகி மேலே வந்துவிட வேண்டும். இதை அவர் எனக்குச் சின்ன வயதில் சொன்னதே இல்லை. இந்த மடைக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான், வலது கையைக் காற்றில் துழாவிக் காட்டிச் சொன்னார். பேச்சுக் கொஞ்சம் குழறும், அன்றைக்குக் குழறவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மடைக்குக் கீழே வாய்க்கால் ஓரத்தில் எப்போதும் ஒரு மடையான் நிற்கும். குருட்டுக்கொக்கு என்றும் சொல்லுவார்கள். மடையைவிட்டு நகராததால்தான் அந்தப் பேர் என்பது ஐயாவின் கட்சி. சேற்று நிறத்தில் கோடு கோடாக இருப்பதால் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாது. பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. கூட வருபவருக்குப் பார்வை மங்கல் என்றால் இந்தப் பறவையில் ஆரம்பியுங்கள், அது எழும்பும்போது யாருக்கும் தெரியும். முக்குளிப்பான், தாழைக்கோழி, தாமரை இலைமேல் நடக்கிற இலைக்கோழி எல்லாம் பொறுமையாக உட்கார்ந்தால் தெரியும். பைனாகுலர் இருந்தால் நல்லது. ஒரு கைதான் வேலை செய்கிறது என்றால் சின்னதாக, எடை குறைந்ததாக வாங்குங்கள்.

நத்தைகுத்தி நாரை வந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதையே பாருங்கள். மூடிய அலகுக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கும், அதன் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளரும்போதுதான் உண்டாகும். பாக்குவெட்டி மாதிரி அதில் வைத்து நத்தையை உடைக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கீழ் அலகின் கூரான நுனியை ஓட்டுக்குள் விட்டு, சதை ஒட்டியிருக்கும் இடத்தை அறுத்து, உதறி எடுக்கும். அது தின்றுவிட்டுப் போன இடத்தில் ஒரு நாள் தேடிப் பார்த்தேன். நத்தை ஓடு ஒன்று, விளிம்பில்கூட உடையாமல், உள்ளே சுத்தமாக வழித்தெடுத்தபடி கிடந்தது. கழுவி ஐயாவின் உள்ளங்கையில் வைத்தேன். நாற்பது வருடம் தினம் பார்த்த பறவை. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பக்குவமா எடுத்துருக்கு பாரேன்" என்றார். அந்த ஓடு இப்போது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் புட்டத்தில் புண் வரும். கால்மணி, அரைமணிக்கு ஒருதரம் எடையை மாற்றிவிடுங்கள். நான் முன்னால் நின்று தாங்கிக்கொள்ள, ஐயா முன்பக்கம் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருப்பார். பறவை பார்க்கிற ஆர்வத்தில் இது மறந்துபோகும், போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

கரை இன்னும் பயமாக இருக்கிறது என்றால் ஊருணியில் ஆரம்பிக்கலாம். செட்டிநாட்டு ஊர்களில் வீட்டுக் கூரையிலும் தெருவிலும் விழுகிற மழைத் தண்ணீர் போய்ச் சேர்வதற்கென்று வழி வைத்து ஊருணி வெட்டியிருப்பார்கள். கோயிலை ஒட்டியும் இருக்கும். சுற்றிலும் சுவர் இருப்பதால் தண்ணீர்ப் பக்கம் உருண்டுவிடுமோ என்ற கவலை இல்லை. ஒரு சுற்று சின்னதுதான், எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். குடிக்கத் தண்ணீர் எடுக்கிற ஊருணி என்றால் செருப்போடு படியில் இறங்காதீர்கள், எச்சில் துப்பாதீர்கள். சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

நன்றாகப் பழகிவிட்டால், வருடத்தில் ஒருநாள் கார் வைத்துக்கொண்டு வேட்டங்குடிக்குப் போகலாம். பிள்ளையார்பட்டியைத் தாண்டி, திருப்பத்தூரைத் தாண்டி, மதுரை போகும் வழியில் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்களைச் சேர்த்து 1977-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். சின்ன இடம் என்பதே நமக்கு வசதி, அதிகம் நகராமலே நிறையப் பார்க்கலாம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும். அங்குள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் காரில் போகும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், அங்கே போய் அதட்ட வேண்டியிருக்காது. மழை பெய்யாத வருடத்தில் பறவை குறைவாக இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்து ஆட்களிடம் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஆளைக் கவனியுங்கள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள், வீக்கமோ சிவப்போ முள் கீறலோ இருக்கிறதா என்று. உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறினால் அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். காலைக் கொஞ்ச நேரம் உயர்த்தி வையுங்கள். அப்புறம் நாற்காலி. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரப்பரில் ஏறியிருக்கும் கருவமுள்ளை இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். முன்சக்கரத்தின் அச்சில் புல்லும் முடியும் நூலும் சுற்றிக்கொண்டிருக்கும், அதை எடுக்காவிட்டால் அடுத்த நாள் சக்கரம் திரும்ப மறுக்கும். ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். எங்கள் வீட்டில் முள் பிடுங்குகிற வேலை ஐயாவுடையது. நாற்காலியைப் படுக்கவைத்துச் சக்கரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டால், வலது கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, எத்தனை என்று எண்ணிச் சொல்லுவார்.